பறவை பார்க்கப் புறப்படும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஈரநிலப் பறவைகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை, அதுவும் களப்புக்கும் கடலுக்கும் எட்டாத் தூரத்தில் இருக்கும் நம் மலைப்பக்கத்திலிருந்து. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பமாக ஏழு பேர் வேன் பிடித்துப் புந்தல போகலாம் என்று இருக்கிறோம். பூநாரை பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எத்தனை மணிக்குப் போனால் நிறையப் பார்க்கலாம்?
ஒரு வாசகி, பண்டாரவளை

பூநாரையே ஒற்றைக்காலில் நிற்கிற ஜாதிதான் அக்கா, ஆனால் தென்கரைப் புந்தலப் பூங்காவுக்கு அதை நம்பிப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் நின்றவைதான். 1980களில் லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்தைக் கட்டிக் கிரிந்தி ஓயாத் தண்ணீரை வயல்களுக்கு விட்டார்கள், வயலில் மிஞ்சிய நன்னீர் வடிந்து எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் இறங்கியது, களப்பில் உப்பு குறைந்தது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, உப்புநீரில் வாழும் பொடிப்பொடி இறால் வகைகளையும் பாசியையும் வடிகட்டித் தின்கிற பறவை. அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்தச் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. உப்பு போனது, சாப்பாடு போனது, அதுவும் போய்விட்டது. இப்போதும் எப்போதாவது சில வந்து இறங்கும், ஆனால் ஏழு பேர் வாடகை கொடுத்துப் போகிற அளவுக்கு உறுதி கிடையாது.

அதற்காகப் புந்தல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 1990இல் ஏறிய இலங்கையின் முதல் ஈரநிலம் அதுதான். சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, வடக்கேயிருந்து வரும் உள்ளான் கூட்டங்கள் எல்லாம் இருக்கும், கரையில் முதலை படுத்திருப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் பூநாரையை மறந்தே போவார்கள். யாலவைப் போல ஜீப்புக்குப் பின்னால் ஜீப் நிற்கிற கூத்தும் இங்கே குறைவு. சபாரி ஜீப்பைப் பேசும்போது "பறவை பார்க்கத்தான் வருகிறோம், யானையைத் துரத்த வேண்டாம், நிறுத்தச் சொன்ன இடத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் ஏறினால் சாரதி பாவம் தன் வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார், நீங்கள் பார்த்தது தூசியாகத்தான் இருக்கும்.

நேரம் என்றால் விடியற்காலைதான், வாசல் திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும். பண்டாரவளையிலிருந்து அன்று இரவே புறப்பட்டு நித்திரைக் கண்ணோடு போய்ச் சேருவதைவிட முதல் நாள் பகலிலேயே எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாக இறங்கித் திஸ்ஸமஹாராமவில் தங்கிவிடுங்கள். தணமல்விலப் பக்கம் இரவில் யானை ரோட்டுக்கு வரும், அது இன்னொரு காரணம். அன்று மாலை திஸ்ஸ வாவிக் கரையில் பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், இருட்டும் நேரத்தில் கொக்கும் நீர்க்காகமும் மரத்துக்குத் திரும்புவதைப் பார்க்க டிக்கட் ஒன்றும் வேண்டாம்.

டிசம்பரில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நவம்பர், டிசம்பர் மழையில் களப்பு நிரம்பிக் கிடக்கும், பறவைகள் சிதறிப் போயிருக்கும். ஜனவரி கடைசி, பெப்ரவரி என்றால் தண்ணீர் வற்றத் தொடங்கி எல்லாம் ஒரு பக்கமாகச் சேரும். பெப்ரவரி 4 விடுமுறையோடு ஒரு நாளைச் சேர்த்துப் போக முடியுமென்றால் அதுவே மேல். டிசம்பரில்தான் முடியும் என்றால் புறப்படும் முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மண்சரிவில் புதைந்துபோன கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தையை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

பூநாரைதான் வேண்டும் என்று பிள்ளைகள் இன்னும் அடம்பிடித்தால் மன்னாருக்குப் போங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

அண்ணா, பைனாகுலர் வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றையும், எட்டு மடங்கு ஒன்றையும் காட்டினார்கள். எட்டு மடங்குதான் விலை கூட! எதை வாங்குவது?
ஒரு மாணவர், ஹட்டன்

தம்பி, இருபதை அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மடங்கு கூடக் கூட உங்கள் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும், பறவை குதிப்பது போலத் தெரியும், தாங்கி இல்லாமல் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு, முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே வரும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மில்லிமீட்டர் அகலம். விடிகாலையில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது அந்த அகலம் தேவை. 20x50இல் இது இரண்டரைதான், இருட்டாகத்தான் தெரியும். 10x42 எடுக்கலாம், களப்பில் பறவை தூரத்தில் நிற்பதால் சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள், ஆனால் முதல் பைனாகுலர் என்றால் நான் எட்டைத்தான் சொல்வேன். மூக்குக்கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண் வைக்கிற ரப்பர் வளையம் உள்ளே மடங்குகிறதா அல்லது திருகி இறக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வாங்கியதும் பலர் செய்யாமல் விடுகிற வேலை ஒன்று இருக்கிறது. வலப்பக்கக் கண்ணாடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருகி, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை இடது கண்ணுக்கு மட்டும் தெளிவாக்குங்கள். அப்புறம் இடப்பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இனி நடுச் சக்கரம் ஒன்றே போதும். இதைச் செய்யாமல் "தலை வலிக்கிறது, சாமான் சரியில்லை" என்று விற்றவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, நம் ஊர் ஈரம். மழை மாதங்களில் அலுமாரிக்குள் பையோடு வைத்த பைனாகுலரின் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும், ஒருமுறை பிடித்தால் எடுப்பது பெரிய செலவு. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் நாலைந்தைச் சேர்த்து இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பைனாகுலரோடு போட்டு வையுங்கள். பையில் போட்டு மூடுவதைவிட வெளியே காற்றுப்பட வைப்பதுகூட நல்லது.

காசு போதவில்லையா? மூன்று பேருக்கு ஒன்று என்று வாங்குங்கள். அப்படிப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் விவரம் சொல்லியே சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

மவுசாக்கலையும் காசல்ரீயும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மன்னாரிலோ முழங்கால் அளவு சேறு. ஆனால் பறவையெல்லாம் ஏன் அங்கேயே போகின்றன? நம் தண்ணீருக்கு என்ன குறை?
ஒரு வாசகர், மஸ்கெலியா

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறை என்னவென்றால் ஆழம். நம் நீர்த்தேக்கங்கள் மலை இடுக்கை அடைத்துக் கட்டியவை, கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும். கொக்குக்கு நிற்க இடமில்லை, உள்ளானுக்குக் கொத்தச் சேறில்லை. முக்குளித்து மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கு மட்டும் அது பிரச்சினையில்லை, அதனால்தான் அதை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கிப் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும் நாட்களில் கரையோரம் சேறும் வெளியே வருமே, அப்போது போய்ப் பாருங்கள், கொக்குகளும் ஆள்காட்டியும் எங்கே நிற்கின்றன என்று.

களப்புக்குப் போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: பறவையைத் தேடாதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். காய்ந்த சேற்றில் ஓடி ஓடி நிற்பது உப்புக்கொத்தி, அதற்குக் கால் குட்டை, அலகும் குட்டை. ஈரச்சேறும் தண்ணீரும் தொடுகிற கோட்டில் சின்ன உள்ளான்கள். கணுக்கால் அளவில் கருவால் மூக்கன், நீண்ட நேர் அலகை அடி வரைக்கும் சேற்றுக்குள் குத்தும். அதற்குச் சற்று உள்ளே சிவந்த காலோடு நெடுங்கால் உள்ளான். இன்னும் உள்ளே முழங்கால் அளவில் கரண்டிவாயன், நாரை, பூநாரை. அதையும் தாண்டினால் வாத்தும் கூழைக்கடாவும். அதாவது ஒரு பறவை நிற்கிற ஆழத்தையும் அதன் கால் நீளத்தையும் பார்த்தாலே பாதிப் பெயர் வந்துவிடும், மிச்சத்தை அலகு சொல்லும். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டித் தேட வேண்டியதில்லை.

சங்குவளை நாரை மீன் பிடிப்பதை மட்டும் தயவுசெய்து பத்து நிமிடம் நின்று பாருங்கள். அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெல்ல நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே போகும், வெருண்டு ஓடுகிற மீன் அலகில் பட்டதும் படக்கென்று மூடும். அலகு தொட்டதும் மூடுவதுதான், யோசிக்கவே யோசிக்காது. கலங்கல் தண்ணீரிலும் அது பசியில்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கரண்டிவாயனும் இதே தொடு வித்தைக்காரன், ஆனால் அது நாம் புல் வெட்டுவது போலத் தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே போகும்.

மழை முடிந்து தண்ணீர் இறங்குகிற காலம் ஏன் நல்லது என்று மேலே சொன்னதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆழம் குறையும்போது நிற்க இடம் கூடும், மீனும் ஒதுங்கி ஒரு குட்டைக்குள் நெருங்கும். நம் கரைகளில் கடல் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். மழையும் காற்றும்தான் கணக்கு.

என் மகள் பாடசாலைச் சூழல் கழகத்தோடு மன்னாருக்குப் போகிறாள். மலேரியா, முதலை, வெயில் என்று எனக்கு ஒரே பயம். என்ன கொடுத்து அனுப்புவது, ஐயா?
ஒரு தாய், தலவாக்கலை

மலேரியாப் பயத்தை விடுங்கள் அம்மா, இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சான்று கொடுத்துவிட்டது. டெங்கு வேறு கதை, அது எங்கும் உண்டு, கைமுழுக்க மூடும் சட்டையும் நுளம்புக் களிம்பும் போதும். முதலைக்குப் பயப்பட வேண்டியது தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள்தான். அங்கே குளிக்க மாட்டேன் என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். நம் பிள்ளைகள் சுவெட்டரோடு ஏறி, கண்டி தாண்டும்போது அதைக் கழற்றி, அனுராதபுரத்தில் வாடி, மன்னாரில் சுருண்டு விடுவார்கள். விளிம்பு அகலமான தொப்பி, மெல்லிய பருத்திச் சட்டை, ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட் இரண்டு. களப்பில் நிழல் கிடையாது, தண்ணீரில் பட்டு மேலே வருகிற வெயில் தொப்பிக்குக் கீழேயும் கறுக்க வைக்கும். பறவை வெருளாதபடி சட்டை சேற்று நிறம், பச்சை, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். பாடசாலைச் சீருடையின் வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று கழகப் பொறுப்பாசிரியரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆசிரியருக்கும் சேர்த்து நாலு வார்த்தை. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இரு பக்கமும், வங்காலைச் சரணாலயமும்தான் முக்கியம். வங்காலை 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை, கருவால் மூக்கன், ஊசிவால் வாத்து எல்லாம் ரோட்டோரத்திலிருந்தே தெரியும். வழியில் முருங்கனுக்குப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது, அது நன்னீர், அங்கே தாமரைக்கோழியும் சீழ்க்கைச் சிறகியும் என்று வேறு கூட்டம். ஒரே நாளில் உப்பும் நன்னீரும் பார்த்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தானே விளங்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு சேற்றுக்கு மேலே கானல் ஆடும், எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் பறவை நெளிந்துதான் தெரியும். ஆகவே விடியும்போது களப்பு, வெயில் ஏறினால் மர நிழல், நாலு மணிக்கு மறுபடியும் களப்பு. சூரியன் எப்போதும் முதுகுப் பக்கம். படை முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் பைனாகுலரையோ கமெராவையோ யாரும் திருப்பக் கூடாது. ஊர்ச்சனம் தமிழ் பேசுகிறவர்கள், கேட்டால் இன்று பறவை எங்கே இறங்கியிருக்கிறது என்று சொல்வார்கள், மீன்பிடிக்கிறவர்களைவிட நன்றாக அதைச் சொல்ல ஆளில்லை.

அவ்வளவு தூரம் போக வசதியில்லை. நுவரெலியாவிலேயே பழக முடியாதா?
ஒரு வாசகர், நானுஓயா

தாராளமாக. டவுன் நடுவில் இருக்கும் விக்டோரியாப் பூங்காவுக்கு ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் காலையில் போங்கள். நல்ல வாசனை ஒன்றும் இல்லாத அந்த ஓடைக்கரையில்தான் வெளிநாட்டுக்காரர்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள், ஆறுமணிக்குருவிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கும். கிறகரி வாவியில் படகு ஓடும் பக்கத்தை விட்டுவிட்டுப் புல் வளர்ந்த ஓரங்களைப் பாருங்கள். மடையான், வாலாட்டி, மீன்கொத்தி மூன்றையும் தூரத்திலிருந்தே, பறக்கும்போதே சொல்லப் பழகிவிட்டால் களப்பில் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. தெரிந்த பறவையைச் சட்டென்று கழித்துவிட்டுத் தெரியாததில் நேரத்தைப் போட முடியுமே. போனில் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியை ஏற்றி, இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், களப்பில் சிக்னலை நம்ப முடியாது.

போனில் பறவைச் சத்தம் போட்டால் கிட்டே வருமாமே? ட்ரோன் அனுப்பிப் படம் எடுக்கலாமா?
ஒரு வாசகர், பதுளை

இரண்டும் வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படியும் குற்றம். பூநாரை பறப்பதைப் படம் எடுக்கக் கல்லெறிகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டால் முகம் பார்க்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் வடக்கேயிருந்து வந்த பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும், அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன, ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் எரிகிறது. படம் வேண்டுமென்றால் போன் கமெராவைப் பைனாகுலரின் ஒரு கண்ணில் ஒட்டிப் பிடியுங்கள். அடையாளம் காண அந்தப் படம் போதும், முகநூலில் விருப்பம் அள்ளத்தான் போதாது.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஜீப்பில் ஏறினால் நாலு மணித்தியாலம் இறங்கவே முடியாது என்கிறார்கள். பெண்கள் என்ன செய்வது?
ஒரு வாசகி, அப்புத்தளை

இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, இந்தக் காரணத்துக்காகவே வராமல் விடும் பெண்கள் நிறையப் பேர். பூங்காவுக்குள் குறித்த இடங்களில் தவிர இறங்க விடமாட்டார்கள். டிக்கட் எடுக்கும் அலுவலகத்தில் கழிப்பறை இருக்கும், ஜீப் புறப்படும் முன் எல்லாரும் கட்டாயம் போய்விட்டு வாருங்கள், உள்ளே இறங்க அனுமதித்த இடம் எது, அங்கே வசதி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். காலையில் பிளேன்டீயைக் குறையுங்கள், அது சும்மா விடாது. ஆனால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தால் எல்லாருடைய பயணமும் அதோடு முடிந்தது, மிடறு மிடறாகக் குடியுங்கள். முழுநாள் ஜீப்புக்குப் பதிலாகக் காலை அரைநாள் மட்டும் எடுங்கள், விலையும் குறையும். ரோட்டோரத்திலேயே பார்க்கலாம் என்பதால் பெண்கள் மட்டும் சேர்ந்து போவதென்றால் மன்னாரே சுலபம், டவுன் பக்கத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள், மத்தியானம் வரை கெடாது. சுற்றிய தாளையும் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.